சின்ன பாஸ்டரின் பாதிப் பிரசங்கம்

தலை பாதி நரைத்துவிட்டது. மழை வருவதற்கு முன்பே முழங்கால் தகவல் சொல்லத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவர் இன்னும் 'சின்ன பாஸ்டர்'தான். ஒரு பெரிய சபைக்கு உதவிப் போதகராக வந்து சேர்ந்த நாளில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு பெரிய பாஸ்டர்கள் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். இப்போது வந்திருப்பவர் இவரைவிட வயதில் இளையவர். அவரும் வந்த முதல் வாரமே, "சின்ன பாஸ்டர், இந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் உள்ள போடச் சொல்லுங்க" என்றார். சொல்வதற்கு அங்கே ஆள் யாரும் இல்லை. சின்ன பாஸ்டர் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போட்டார்.

அதைப் பார்த்த அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க யார் யாருடைய நரம்பையோ தேடிப் பிடித்து, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லி ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். வீட்டில் அந்தச் சமாதானமெல்லாம் கிடையாது, நேராக ஊசிதான்.

"என்னங்க, நாற்காலி தூக்கிட்டே ரிட்டையர் ஆகப் போறீங்களா?"

"நாற்காலியையும் யாராவது தூக்கணும்ல?"

"தூக்கட்டும். எப்பவும் ஏன் நீங்களே?"

அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆசை இருந்தது. அது அவளுக்குத் தெரியும். பெரிய சபையில் அவருக்கு விழுந்ததெல்லாம் சாவு வீட்டு அடக்க ஆராதனை, ஆஸ்பத்திரிச் சந்திப்பு, மாதத்துக்கு ஒரு பிரசங்கம். தனக்கென்று ஒரு சபை வேண்டும், பிறந்த குழந்தையிலிருந்து படுத்த படுக்கையாக இருப்பவர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிய வேண்டும் என்று எப்போதோ ஒரு பஸ் பயணத்தில் அவர் சொல்லியிருந்தார். அவர் அதை மறந்திருக்கலாம், அவள் மறக்கவில்லை.

நகரத்தின் மறுகோடியில், தையல் ஆலைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய சபை. அங்கிருந்த பாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் அவரை உட்காரவைத்து விண்ணப்பம் எழுதச் சொன்னாள். இதற்கு முன்பு இரண்டு சபைகள் கையை விரித்துவிட்டன. ஒன்று குரல் மெது என்றது, இன்னொன்று வயது அதிகம் என்றது. இதுவும் போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது மூன்று பேருக்குமே தெரியும். மூன்றாவது ஆள் மகள். கல்லூரியில் படிப்பது கணக்கு, வீட்டில் பெயர் வக்கீல்.

வக்கீல் விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, 'பிரசங்கிக்கத் தெரியும்'னு ஒரே வரி எழுதியிருக்கீங்க. மாப்பிள்ளைக்கு மூக்கு இருக்குன்னு சொல்லிப் பொண்ணு கேக்கிற மாதிரி இருக்கு."

"மூக்கு இருக்குதானே?"

"அம்மா, இவரை என்ன பண்றது?"

"நான் கட்டிக்கிட்டதை என்ன பண்ண முடியும்? எழுத விடு."

அந்த ஒரு வரியை நம்பியோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் வந்து பிரசங்கம் செய்து காட்டுமாறு அந்தச் சபையிலிருந்து அழைப்பு வந்தது.

பிரசங்கம் என்றால் அவருக்கு ஒரே ஒரு நோய் உண்டு. நிறுத்தத் தெரியாது. மற்ற நேரத்தில் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாத மனிதருக்கு, மேடையேறிவிட்டால் ஊற்றுக்கண் திறந்துகொள்ளும். பெரிய சபைக்கு வந்த புதிதில் ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரம் பேசிவிட்டார். குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் தூங்கினார்கள், பாட்டுக்குழுவில் ஒருவருக்குச் சர்க்கரை குறைந்து மயக்கமே வந்துவிட்டது. அப்போதிருந்த பெரிய பாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, ஜனங்களுக்கு ஆத்துமா மட்டுமில்ல, வயிறும் இருக்கு" என்றார்.

அன்றைக்கே கணவனும் மனைவியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் இருமலை வைத்துப் பார்த்தார்கள். குளிர்காலம் வந்ததும் சபையே இருமியது, அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று நின்று பேசினார். பிறகு அவள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவருக்குக் கிட்டப்பார்வை, பிரசங்கத்தின்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கைப்பைதான் கைகொடுத்தது. ஆரஞ்சு நிறத்தில் மூட்டை போல் ஒரு பை. ஆராதனை தொடங்கும்போது பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும். எடுத்து மடியில் வைத்தால் போதும் என்று அர்த்தம். எந்த மலையுச்சியில் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் ஓரிரு வாக்கியத்தில் கீழே இறங்கி ஆமென் சொல்லிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஏன் எடுத்தாய் என்று ஒரு முறைகூட அவர் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே போய்விட்டார்கள். சுண்ணாம்பு அடித்த உயரமான சுவர், ஓடாத ஒரு மின்விசிறி, மேடைக்குப் பக்கத்தில் மூடி உடைந்த பியானோ. வாசலில் சபைத் தலைவர் நின்றிருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டார்கள். "பத்து மணின்னா பத்து மணிக்கு ஆரம்பிச்சுடுவோம் பாஸ்டர்" என்று கை குலுக்கும்போதே சொன்னார். அவள் மகளோடு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள்.

பிரசங்கம் மன்னிப்பைப் பற்றியது. கணவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தயக்கமே இல்லாமல் தன் கதையையே எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு அண்ணன். அப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வச்சது, பேங்க்ல வேலைக்குச் சேர்த்துவிட்டது, கல்யாணம் பண்ணி வச்சது, எல்லாம் அவர்தான். ஒரு நாள் நான் போய், 'அண்ணா, வேலையை விட்டுட்டேன், ஊழியத்துக்குப் போறேன்'னு சொன்னேன். 'இனிமே என் வாசப்படி மிதிக்காதே'ன்னுட்டார்."

பெஞ்சுகளில் சலசலப்பு அடங்கியது. அவளுக்கு மனம் குளிர்ந்தது. நன்றாக வருகிறது, குரல்கூடத் தெளிவாக இருக்கிறது. அந்த அண்ணன் இப்போதும் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, "இந்த வேலையில உனக்கு என்னடா மிச்சம்?" என்று திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது.

"ஒரு மாசம் தாங்கினேன். அதுக்கு மேல முடியல. போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, 'யாரு?'ன்னு அண்ணன் குரல். 'நான்தாண்ணா'ன்னேன்."

அந்த நேரத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். உட்கார இடம் தேடி அவள் கண் அலைந்தது. அப்படி ஒருத்தியைப் பார்த்தால் யாரும் செய்வதைத்தான் சின்ன பாஸ்டரின் மனைவியும் செய்தாள். "இங்க வாம்மா" என்று நகர்ந்து இடம் விட்டாள். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பை!" என்று வக்கீல் தொடையில் கிள்ளினாள்.

மேடையில் அவர் ஒரு கணம் இவள் பக்கம் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் சட்டென்று குறைந்தது.

"உள்ள பேச்சே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு." வேதாகமத்தை மூடினார். "ஆமென்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

சபையில் ஊசி விழுந்தால் கேட்கும். பியானோ வாசிக்கும் பெண் எந்தப் பாட்டை வாசிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கியபடியே இருந்தாள். மன்னிப்பைப் பற்றிப் பேச வந்த மனிதர் தம்பியை வெளியே நிறுத்திக் கதவையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவள், பையைத் திரும்பப் பெஞ்சில் வைத்தால் சரியாகிவிடும் என்பதுபோல் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த கர்ப்பிணி, "அக்கா, நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று பாவமாகக் கேட்டாள்.

ஆராதனை முடிந்து பின்கூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். கோப்பையைக் கையில் வாங்குவதற்குள் பத்துப் பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா, அண்ணன் கதவைத் திறந்தாரா இல்லையா?"

"அதெப்படித் திறப்பாரு? தாழ்ப்பாளே போட்டாச்சே!"

"எனக்கு டீ இறங்கல. சொல்லிடுங்கம்மா."

"அவரே சொல்லுவாரு" என்று மென்று விழுங்கினாள். கணவரை எங்கேயாவது பிடித்து, "நான் நிறுத்தச் சொல்லலைங்க" என்று சொல்லிவிடத் துடித்தாள். அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, "கமிட்டி காத்திருக்கு. நீங்களும் வாங்கம்மா" என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனார்.

பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்த அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு பல் டாக்டரம்மா, பேக்கரிக்காரர். திட்டு விழப்போகிறது என்று அவள் தயாராக உட்கார்ந்தாள். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"பாஸ்டர், என் வாழ்க்கையில இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்ல. முன்னாடி இருந்தவர் மணிக்கணக்குல பேசுவார். அவர் முடிக்கிறதுக்குள்ள என் வீட்ல ரெண்டு தடவை சோத்தைச் சூடு பண்ணுவாங்க. நீங்க ஆரம்பிச்சீங்க, முடிச்சீங்க. வண்டி நேரத்துக்கு முன்னாடியே வந்து நின்னுடுச்சு!"

"எங்க வந்து நின்னுச்சு?" என்றார் டாக்டரம்மா. "நடுப்பாலத்துல நிறுத்திட்டு ஸ்டேஷன் வந்தாச்சுன்னு சொன்னா எப்படி?"

"அதுதான் டாக்டரம்மா ஆழம்" என்றார் பேக்கரிக்காரர் கண் கலங்க. "நான் என் மச்சானோட பேசி நாலு வருஷமாச்சு. அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்கே போட்ட மாதிரி இருந்துச்சு."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் சாய்ந்தார். "ஒவ்வொரு வாரமும் இந்த அளவுக்குத்தானே பேசுவீங்க? ஆமான்னா, மத்தவங்களைக் கூப்பிடவே வேண்டாம். இன்னிக்கே பேசி முடிச்சிடலாம்."

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கெட்டுப்போன காரியம் கனிந்து கையில் வந்து நிற்கிறது. 'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல். இனி நாற்காலி தூக்க வேண்டாம். மேசைக்குக் கீழே கணவரின் காலை அழுத்தி மிதித்தாள்.

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இல்லைங்க ஐயா. அது முடிவே இல்ல. இன்னும் நிறைய இருந்துச்சு. நான் வழக்கமா நீளமாத்தான் பேசுவேன். குறைக்கணும்னு பார்க்கறேன், முடியறதில்ல."

ஸ்டேஷன் மாஸ்டரின் சிரிப்பு மெதுவாக வடிந்தது. "அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"என் தப்புதாங்க. நல்லா வரலன்னு தோணுச்சு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சாக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. பையை எடுத்ததும், நன்றாக இல்லை, போதும் என்று தான் சொல்வதாக அவர் நினைத்துவிட்டார். இவ்வளவு நாள் காத்திருந்த வேலையை, தன் மடியில் ஒரு பை ஏறியதும் மறு பேச்சில்லாமல் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

"ஐயோ, நல்லா வந்துச்சுங்க!" என்று அந்த அறையே அதிரும்படி சொல்லிவிட்டாள். "ஐயா, தப்பு என்மேலதான். இந்தப் பை..."

இருமலில் தொடங்கி ஆரஞ்சுப் பை வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். சொல்லச் சொல்ல டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். பேக்கரிக்காரர், "அப்போ ஆழமில்லையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கொடி காட்டினா வண்டி நிக்கணும். அதுல பாஸ்டர் மேல தப்பில்ல" என்றார் பெருமூச்சோடு. "ஆனா நீளமான ஆளுன்னு அவரே ஒத்துக்கறாரே. நாங்க யோசிக்கணும்."

"யோசிக்கிறதுக்கு முன்னாடி முழுசாக் கேக்கணும்ல?" என்றார் டாக்டரம்மா. "சாயங்காலம் ஜெபக்கூட்டம் இருக்கு. மீதியை அங்க சொல்லட்டும். வெளியில ஜனங்க போக மாட்டேன்னு நிக்கிறாங்க, போய்ப் பாருங்க."

சாயங்காலம்வரை எங்கே போவது? பக்கத்தில் ஒரு சிறிய பூங்கா இருந்தது. வாங்கி வந்த ரொட்டியை மூன்று பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவள், பாதிக் கோபத்தோடு.

"சொல்லியிருந்தா ஒவ்வொரு வாரமும் பொய் சொல்லணுமே. ஒரு பொய்யைச் சுருக்கமா சொல்லிடலாம். வாரா வாரம்னா எனக்கு நீண்டுடும்."

வக்கீல் ரொட்டி புரையேறச் சிரித்தாள். மனைவிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. நான் பையை எடுத்தா நல்லா இல்லன்னு அர்த்தமா? இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருந்தீங்களா?"

"சில நாள் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்குவேன்."

"மணியாச்சுன்னு அர்த்தம்! அவ்வளவுதான்!" என்றவள், மீதி ரொட்டியை அவர் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "இன்னிக்கு எந்தக் கொடியும் கிடையாது. எப்போ தோணுதோ அப்போ நிறுத்துங்க."

ஜெபக்கூட்டத்துக்கு வழக்கமாக இருபது பேர் வருவார்களாம். அன்றைக்குக் காலையில் வந்தவர்களும் வந்தார்கள், அவர்கள் சொல்லிக் கேட்டவர்களும் வந்தார்கள். ஓடாத மின்விசிறிக்குக் கீழேகூட இடமில்லை. வக்கீல் ஆரஞ்சுப் பையைப் பெஞ்சில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் நான் படியிறங்கிட்டேன்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். நாளைக்கே பேங்க்ல போய்ப் பழைய வேலையைக் கேக்கிறதுன்னு முடிவும் பண்ணிட்டேன். வீட்ல ஒருத்தி இருக்கா. பேங்க் மாப்பிள்ளைன்னு சொல்லித்தான் கட்டிக் கொடுத்தாங்க. கட்டிக்கிட்ட மூணாவது மாசம் நான் வேலையை விட்டேன். அவ ஒரு வார்த்தை பேசல. அந்த மாசம் பூரா பேசல. அதுவும் எனக்கு ஒரு தாழ்ப்பாளாத்தான் தெரிஞ்சுது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் கண் கடிகாரத்தில் இருக்கும். இத்தனை வருஷமாக இவர் பேசியதைவிட மணி முள் நகர்ந்ததைத்தான் கவனித்து வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பின்னாடி யாரோ ஓடி வர்ற சத்தம். திரும்பிப் பார்த்தா அண்ணன். சட்டைப் பொத்தானை மேலயும் கீழயும் மாத்திப் போட்டிருக்கார், ஒரு கால்ல செருப்பில்ல. 'ஏண்டா, சட்டை போட்டுட்டு வர்றதுக்குள்ள போயிடுவியா?'ன்னு கத்தறார். உள்ள கிழிஞ்ச பனியனோட இருந்திருக்கார். ஒரு மாசம் கழிச்சு வர்ற தம்பி தன்னை அப்படிப் பார்க்கக் கூடாதாம். நான் கதவைத் தள்ளிட்டு வந்துடுவேன்னு தாழ்ப்பாளைப் போட்டுட்டுச் சட்டை தேடிட்டிருந்திருக்கார்."

சபை கொல்லென்று சிரித்தது. பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்தார்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போனா, என் மனைவி வாசல்லயே நிக்கிறா. 'எனக்கு ரத்தம் எடுக்கிற வேலைக்குப் பயிற்சி கிடைச்சிருக்கு. வீட்டை நான் பார்த்துக்கறேன், நீங்க போய் ஊழியத்துக்குப் படிங்க'ன்னா. அந்த மாசம் பூரா அவ பேசாம இருந்தது கோபத்துல இல்ல, வேலை தேடிட்டிருந்திருக்கா. கிடைக்காம சொல்லக் கூடாதுன்னு இருந்திருக்கா." கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு இவள் இருந்த திசையில் பார்த்தார். "கதவு சாத்தியிருந்தா, உள்ள இருக்கிறவங்க நம்மை வேண்டாங்கிறாங்கன்னு அர்த்தமில்ல. நமக்காக எதையோ தேடிட்டிருக்கலாம். ஆண்டவரும் சில நேரம் அப்படித்தான்."

அதற்கு மேலும் நிறையப் பேசினார். இரண்டு இடத்தில் சொன்னதையே திரும்பச் சொன்னார். ஒரு குழந்தை அழுதது. காலையில் வந்த கர்ப்பிணி காலை நீட்டிக்கொண்டு தூங்கியே போனாள். சின்ன பாஸ்டரின் மனைவி மட்டும் இதையெல்லாம் கவனிக்காமல், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்து அவர் இறங்கி வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் ரகசியமாக.

"தெரியாதுங்க. பார்க்கல."

ஸ்டேஷன் மாஸ்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவர்களிடம் வந்தார். டாக்டரம்மாவும் பேக்கரிக்காரரும் பின்னாலேயே வந்தார்கள். பேக்கரிக்காரர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "மச்சான், நான்தான் பேசறேன். வச்சுடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நீளம்தான்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "கொஞ்சநஞ்சமில்ல." பிறகு அவரை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "அம்மா, சபை கூடணும், ஓட்டெடுக்கணும், அதெல்லாம் முறைப்படி நடக்கும். நான் இப்போ எதுவும் சொல்ல முடியாது. பாஸ்டருக்குன்னு சபை கட்டின வீட்ல அடுப்படிக் குழாய் ஒழுகிட்டே இருக்கு. பிளம்பர் நாளைக்கு வர்றான். பாத்திரம் கழுவற தொட்டி எந்த உயரத்துல இருந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?"

அவள் கையை இடுப்பளவுக்கு வைத்துக் காட்டினாள். அவர் அந்த உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கணவர் அவர் போவதையே குழப்பத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, வேலையைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம, குழாயைப் பத்தி நம்மகிட்ட ஏன் கேக்கிறாரு?"

"அப்பா!" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் அவள். "அந்த வீடு எங்க இருக்குன்னு வெளியில இருந்தாவது பார்த்துட்டுப் போகலாம்."